கேம்பல் பே கப்பலும் நீல நிற பியூஸும்

"கர்ர்ர்... கர்ர்ர்... கர்ர்ர்..."

மூன்றாவது தடவையும் இருமிவிட்டு வண்டி பேசாமல் இருந்துவிட்டது.

"என்னாச்சுங்க?" என்றாள் நீலாவதி. முன்சீட்டில், மடியில் கைப்பையும் காலடியில் முருங்கைக்காய்க் கட்டுமாக உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் டிரங்குப் பெட்டி, வெங்காய மூட்டை, இரண்டு ஊறுகாய் ஜாடி. தென்கோடித் தீவிலிருக்கிற கேம்பல் பேயில் காய்கறி கப்பலில் வந்தால்தான் உண்டு. அதனால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு மளிகைக்கடையையே தூக்கிக்கொண்டு போவார்கள்.

"தெரியலையே! நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்றார் ஜம்புலிங்கம்.

முகத்தில் திகைப்பைக் கொண்டுவர மனுஷன் படாத பாடு பட்டார். நடித்துப் பழக்கமில்லை. புருவத்தைத் தூக்கினால் வாய் தானாகத் திறந்துகொண்டது. வாயை மூடினால் புருவம் இறங்கிவிட்டது.

விஷயம் என்னவென்றால், வண்டி ஏன் கிளம்பவில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். டாங்கியிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளுகிற பம்புக்கு என்று ஒரு பியூஸ் உண்டு. சுண்டுவிரல் நகம் அளவுதான், நீல நிறம். காலையில் வண்டி துடைக்கிற சாக்கில் குனிந்து அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் போட்டுக்கொண்ட மகானே அவர்தான். வேறு ஆளாக இருந்தால் டயரில் காற்றைப் பிடுங்கியிருப்பான். ஜம்புலிங்கம் கரண்ட் ஆபீஸ்காரர். போர்ட் பிளேரில் பாதி வீட்டுக்குப் பியூஸ் போட்டே தலை நரைத்தவர். அவருக்குக் கை போகிற இடம் அதுதான்.

அவர் ஆசைப்பட்டது பெரிய குற்றம் ஒன்றுமில்லை. நீலாவதி இன்றைய கப்பலைத் தவறவிட வேண்டும். அவ்வளவுதான். அடுத்த கப்பல் வர ஒரு வாரமாகும், கடல் மனசு வைத்தால் பத்து நாள்கூட ஆகும். வேலைக்கும் பழுதில்லை. இந்தத் தீவில் எந்த அதிகாரியும் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொள்கிற ஒரே சாக்கு, 'கப்பல் கிடைக்கலை சார்' என்பதுதான். கேட்கிற அதிகாரியே நாலு தடவை அதே சாக்கைச் சொன்னவராக இருப்பார்.

நீலாவதி கேம்பல் பே ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். டிரான்ஸ்பர் ஆர்டர் வந்த அன்று அவள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு புருஷன் முகத்தையே பார்த்தாள். போகாதே என்று சொல்ல ஜம்புலிங்கத்துக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் அவள் மனசு தளர்ந்துவிடக் கூடாதே என்று, "ரெண்டு வருஷமெல்லாம் ஒரு வருஷமா? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும், போயிட்டு வா" என்று வீரமாகச் சொல்லித் தொலைத்தார். அவளும் "சரி" என்று போய்விட்டாள். இரண்டு வருஷம் முடிந்தது, மூன்றாவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்பி வருகிற பேச்சையே அவள் எடுக்கவில்லை. அந்த ஊர்க் காற்று அவளுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று இவராகவே நினைத்துக்கொண்டார்.

மகள் ரூபா மெயின்லேண்டில் காலேஜில் இருக்கிறாள். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்தால் வீடு 'யாருப்பா நீ?' என்று கேட்கிற மாதிரி இருக்கும். பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு அரிசி போடுவார். மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் காலையில் குடிப்பார். யாராவது பேசுகிற சத்தம் கேட்கட்டுமே என்று டிவியைப் போட்டுவிட்டு, அதில் என்ன ஓடுகிறது என்றே பார்க்காமல் தூங்கிப்போவார். அவளில்லாமல் அவரால் முடியவில்லை. அதுதான் உண்மை.

இந்தத் தடவை லீவில் வந்தபோது சொல்லிவிடுவது என்றிருந்தார். 'இங்கேயே டிரான்ஸ்பர் கேட்டு வந்துடு நீலா, உன்னை விட்டுட்டு என்னால இருக்க முடியலே.' இவ்வளவுதான் வசனம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பலமுறை ஒத்திகை பார்த்தார். ஒரு நாள் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், ஒரு நாள் மிளகாய்த்தூள் அரைப்பு, ஒரு நாள் திரைச்சீலை துவைப்பு. அவள் சும்மா உட்கார்ந்தால்தானே! கடைசியில் ஒரு சாயங்காலம் கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்கு அழைத்துப் போனார். மணலில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீலா..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க" என்று அவள் முழுசாகத் திரும்பிப் பார்த்தாள்.

"கடல் இன்னிக்கு அமைதியா இருக்குல்ல?"

"ம்... ஆமா" என்றாள் அவள். அத்தோடு கடற்கரை முடிந்தது.

இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் எப்படியும் சொல்லிவிடலாம். ஒரு வாரத்தின் மொத்தப் பாரத்தையும் அந்த நீல நிற பியூஸ் சட்டைப்பையில் சுமந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்றாள் நீலாவதி.

கர்ர்ர்... கர்ர்ர்...

"இந்த வண்டியும் உங்களை மாதிரியே இருக்கு. சத்தம் மட்டும் வருது, கிளம்ப மாட்டேங்குது."

ஜம்புலிங்கத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அதற்குள் எதிர்வீட்டுப் பழனியாண்டி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆயுள் முழுக்கக் கப்பல் இன்ஜின் ரூமில் எண்ணெயில் குளித்து ரிட்டயர் ஆனவர். அவர்கள் குடியிருந்த லம்பா லைனில் எந்த வண்டி நின்றாலும் அவருக்கு அன்று திருவிழா.

"அரே ஜம்பு, கியா ஹுவா? சுத்துது, புடிக்கலையா? பானெட்டைத் தூக்கு" என்றார். "இன்ஜினுக்கு மூணே மூணு வேணும்ப்பா. பெட்ரோல், காத்து, நெருப்பு. மனுஷனுக்குச் சோறு, மூச்சு, பொண்டாட்டி மாதிரி. இதுல ஒண்ணு இல்லேன்னாலும் சுத்திக்கிட்டு இருக்கும். ஆனா கிளம்பாது."

ஜம்புலிங்கம் அவரை ஓரக்கண்ணால் பார்த்தார். மனுஷன் இன்ஜினைத்தான் சொல்கிறாரா?

"பெட்ரோல் இருக்கா?"

"ஃபுல்லா இருக்கு."

"பியூஸ் பாத்தியா?"

ஜம்புலிங்கம் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். "என்ன அண்ணாச்சி, கரண்ட் ஆபீஸ்காரன்கிட்டயே வந்து பியூஸ் பாத்தியான்னு கேக்கறீங்க? மானம் போகுது."

"அதுவும் சரிதான்" என்று பழனியாண்டி ஒத்துக்கொண்டார். "அப்ப ஒரு ஆட்டோவைக் கூப்பிடு. ஃபீனிக்ஸ் பே துறைமுகம் என்ன அமெரிக்காவுலயா இருக்கு? தோ, இந்தா இருக்கு."

ஐயோ, அதை மறந்துபோனோமே என்று ஜம்புலிங்கம் திருதிருவென விழித்தார். நல்லவேளை, நீலாவதியே முந்திக்கொண்டாள்.

"ஆட்டோல இவ்வளவும் ஏறாதுண்ணே. முருங்கைக்காயெல்லாம் ஒடிஞ்சிடும். மெக்கானிக் ஷமீருக்கு இப்பத்தான் போன் போட்டேன், வந்துக்கிட்டே இருக்கான். அவன் வந்தா ஒரு நிமிஷ வேலை."

ஜம்புலிங்கத்துக்கு ஒரு வாரம் கண்ணெதிரே கரைந்தது. ஷமீர் சாதாரண ஆளில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே உள்ளே என்ன கோளாறு என்று கடையில் உட்கார்ந்தபடியே சொல்கிறவன். பியூஸ் இல்லாததை அவன் கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டாம்.

வந்தான். ஸ்கூட்டரை நிறுத்தினான். "அக்கா, சலாம். டென்ஷன் ஆவாதீங்க" என்றான். நேராகப் பின்சீட்டுச் சாமான்களை ஒதுக்கிவிட்டுச் சீட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்பு இருக்கிற இடத்தில் காதை வைத்துக்கொண்டான்.

"சார், சாவியை ஆன் பண்ணுங்க, சுத்த வேண்டாம். பம்பு ஓடினா 'ங்ங்'னு ஒரு சத்தம் வரும். கேக்குதான்னு பாக்கறேன்."

முடிந்தது கதை. பியூஸ் இல்லாத பம்பு எங்கே ஓடும்? ஜம்புலிங்கம் சாவியைத் திருகினார். வேறு வழி தெரியவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே, "ங்ங்ங்ங்..." என்றார்.

பக்கத்தில் நீலாவதி ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

ஷமீர் காதை எடுத்தான். ஒரு கணம் ஜம்புலிங்கத்தின் பிடரியைப் பார்த்தான்.

"பம்பு ஏ ஒன்னா ஓடுது சார்" என்றான்.

ஜம்புலிங்கத்தால் தன் காதையே நம்ப முடியவில்லை. பையனுக்கு இன்றைக்கு மூளை லீவு போலிருக்கிறது! அவனைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

"அப்ப பெட்ரோல் வருது. நெருப்பைப் பாரு" என்று பழனியாண்டி மேற்பார்வை பார்த்தார்.

ஷமீர் ஒரு பிளக்கைக் கழற்றினான். "சார், உள்ள போய் ஒரு பழைய துணி கொண்டாங்க" என்றான். ஜம்புலிங்கம் கிழிந்த பனியனோடு திரும்புவதற்குள் பிளக் திரும்ப ஏறிவிட்டிருந்தது.

"நெருப்பு தீபாவளி மாதிரி வருது சார்."

"நான் பாக்கலையே" என்றார் பழனியாண்டி.

"நீங்க பீடி பத்த வச்சிக்கிட்டு இருந்தீங்க மாமா."

"சரி, ரோட்டரைப் பாத்தியா?" பழனியாண்டி விடுவதாயில்லை. இன்ஜின் ஓரத்தில் இருந்த கறுப்பு மூடியைக் காட்டினார். "அதுக்குள்ள புளியங்கொட்டை கணக்கா ஒரு சாமான் சுத்தும் ஜம்பு. அதுதான் ஒவ்வொரு பிளக்குக்கும் நெருப்பைப் பங்கு வைக்கும். அது மக்கர் பண்ணினா மொத்தமும் காலி."

"அதெல்லாம் பாத்தாச்சு மாமா, அது கிடக்குது" என்று ஷமீர் அவசரமாக அந்த மூடியின்மேல் பனியனைப் போட்டான். "எனக்கு ஏர் ஃபில்டர் மேலதான் சந்தேகம்."

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான். தூசு பறந்து பழனியாண்டி தும்மினார். அதை மாட்டி, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான். கர்ர்ர். டாங்கியின் வயிற்றில் நாலு குத்துவிட்டு, "இப்ப பண்ணுங்க" என்றான். கர்ர்ர். பேட்டரி முனையைச் சுரண்டிவிட்டு, "இப்ப?" என்றான். கர்ர். போகப் போகச் சத்தம் தேய்ந்தது. கர் என்றது, க் என்றது, அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். அதுவும் நின்றது.

"பேட்டரி செத்துப்போச்சு" என்றான் ஷமீர், ஏதோ சாதித்த மாதிரி.

"வந்து நல்லா இருந்ததையும் கெடுத்தியேடா!" என்று பழனியாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

ஜம்புலிங்கம் மனசுக்குள் கும்மாளம் போட்டார். வெளியே, "இப்ப என்னப்பா பண்றது?" என்று அழாக்குறையாகக் கேட்டார்.

"தள்ளு!" என்றார் பழனியாண்டி. "இறக்கம்தானே? செகண்டு கியர்ல போட்டு உருட்டு. புடிச்சுக்கும்."

அவர்கள் வீட்டுச் சந்து மேட்டிலிருந்து மெயின் ரோடு வரை ஒரே சரிவு. மேலே வழியில்லை, வருவதும் போவதும் கீழ்வாசல் ஒன்றுதான். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்த நாலைந்து பேரைப் பழனியாண்டி கூப்பிட்டார். "சலோ, சலோ! ஏக், தோ, தீன்!"

வண்டி உருண்டது. நீலாவதி முருங்கைக்காய்க் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஜம்புலிங்கம் கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. வெங்காய மூட்டை அவிழ்ந்தது. சந்தின் வாயில், கால்வாய்ப் பாலம் குறுகுகிற இடத்தில், வண்டி குறுக்காகத் திரும்பிச் சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவே சொருகிக்கொண்டு நின்றது. நீலக் குடம், பச்சைக் குடம் எல்லாம் பின்னால் ஓடிவந்தன.

சரியாக அதே நேரம் எதிரே ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"நான்தான் எதுக்கும் இருக்கட்டும்னு அப்பவே சொல்லி வச்சேன்" என்று பழனியாண்டி மூச்சிரைத்தார். "இப்ப அது உள்ள வர முடியாதபடி பண்ணிட்டியே ஜம்பு!"

ஆட்டோவுக்குப் பின்னால் தண்ணீர் லாரி வந்து நின்று ஹார்ன் அடித்தது. "அரே பாய், காடி ஹடாவ்!" என்று வண்டியை எடுக்கச் சொல்லி டிரைவர் தலையை நீட்டிக் கத்தினான். குடங்கள் எல்லாம் ஜம்புலிங்கத்தைச் சுற்றிக்கொண்டன.

"கரண்டுதான் ஒழுங்கா விட மாட்டீங்க. இப்ப தண்ணியும் வரக் கூடாதா சார்?" என்றது ஒரு பச்சைக் குடம்.

தலைக்கு மேலே மெயின்லேண்ட் விமானம் ஒன்று காது கிழிய ஏறிப்போனது. ஏறிப் போகிறவர்கள் எவ்வளவு சுலபமாகப் போகிறார்கள் என்று ஜம்புலிங்கம் அண்ணாந்து பார்த்தார். அவர் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. தள்ளினவர்களுக்கு நன்றி சொல்லி, லாரிக்காரனைக் கெஞ்சி, குடங்களைச் சமாதானம் செய்து, உருண்ட வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டு வண்டிக்குள் தலையை விட்டார்.

நீலாவதியின் கண் கலங்கியிருந்தது.

"என்ன நீலா?"

"ஒண்ணுமில்லே" என்றாள். முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "என்னை அனுப்பி வைக்கறதுக்கு இவ்வளவு பாடுபடறீங்களேன்னு பாத்தேன்."

அவ்வளவுதான். ஜம்புலிங்கம் உடைந்துபோனார். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா? இவள் பாவம், வேலைக்குப் போக வேண்டுமே என்று தவிக்கிறாள். நான் பாடுபடுகிறேன் என்று நினைத்து என் வேர்வையைத் துடைக்கிறாள். நான் பியூஸைப் பையில் வைத்துக்கொண்டு ங்ங் என்று சத்தம் போடுகிறேன்! இத்தனை நாள் இருந்து சொல்லாததை, திருடின ஒரு வாரத்திலா சொல்லப்போகிறேன்?

"பொறு நீலா, அஞ்சு நிமிஷம். உன்னைக் கப்பல் ஏத்தாம விடமாட்டேன்" என்றார்.

அவள் முகம் ஏனோ இன்னும் வாடியது. அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. விழுந்த வெங்காயத்தைத் தேடுகிற சாக்கில் ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து நீல பியூஸை எடுத்து அதன் இடத்தில் அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது. பிறகு, "ஷமீர், வாடா!" என்று கத்திக்கொண்டு மேட்டில் ஏறி வீட்டுக்கு ஓடினார்.

கரண்ட் ஆபீஸ்காரர் வீட்டிலும் கரண்ட் போகும். அதனால் அவர் வீட்டில் ஒரு பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி உண்டு. அம்மிக்கல் கனம். அதை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு இருவரும் சரிவில் தள்ளாடி வந்தார்கள். ஷமீருக்கு ஏன் திடீரென்று சார் இப்படிப் பறக்கிறார் என்று புரியவில்லை.

"சார், மெதுவா... எதுக்கு சார் இவ்வளவு அவசரம்?"

"கப்பல் போயிடும்டா!"

"போனா போகட்டுமே சார்" என்று சொல்லிவிட்டு ஷமீர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஒயரை மாட்டினார்கள். ஜம்புலிங்கம் சாவியை ஆன் செய்தார். பின்சீட்டுக்கு அடியில் 'ங்ங்' என்று அசல் பம்பு அழகாகப் பாடியது. குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு சாவியைத் திருகினார்.

கர்ர்ர்ர்ர்! கர்ர்ர்ர்ர்! புதுத் தெம்போடு இன்ஜின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

கிளம்பவில்லை.

ஜம்புலிங்கம் முகத்தில் திகைப்பு வந்தது. இந்தத் தடவை புருவமும் வாயும் சரியாக ஒத்துழைத்தன.

"ஷமீர்! வண்டி நிஜமாவே கிளம்பலைடா!"

"அப்ப இவ்வளவு நேரம் பொய்யா கிளம்பலையா?" என்றார் பழனியாண்டி.

ஜம்புலிங்கம் சாவியை விடவில்லை. மறுபடி திருகினார். மறுபடி. சைலன்சர் பக்கமிருந்து பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. "பெட்ரோல் வருது அண்ணாச்சி! நிச்சயமா வருது! அப்புறம் ஏன்?"

"ஓவர்ஃப்ளோ சார்" என்றான் ஷமீர், அவர் கண்ணைப் பார்க்காமல். "கொஞ்சம் ஆறட்டும்."

"ஆற நேரமில்லடா!" அவர் டிரங்குப் பெட்டியை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, பாலத்தைத் தாண்டி ஆட்டோவில் இறக்கினார். திரும்பி வந்து வெங்காயம். திரும்பி வந்து ஜாடி. "ஏறு நீலா, ஏறு! இப்ப போனாலும் புடிச்சிடலாம்."

நீலாவதி இறங்கினாள். ஒரு செருப்பைக் காணவில்லை என்று சீட்டுக்கடியில் தேடினாள். கிடைத்தது. வார் அறுந்திருக்கிறதோ என்று திருப்பிப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. பாலம் வரை வந்து கைப்பையைத் திறந்து துழாவினாள்.

"ஐயோ! ஐலண்டர் கார்டை வீட்டுலயே வச்சிட்டேன். அது இல்லாம ஏற விடமாட்டாங்க."

"நான் ஓடறேன்!"

"உங்களுக்கு இடம் தெரியாது. நானே போறேன்" என்று மேட்டில் ஏறத் தொடங்கினாள். கர்ப்பிணிப் பெண்கூட அதைவிட வேகமாக ஏறுவாள். ஜம்புலிங்கம் கையைப் பிசைந்துகொண்டு ஆட்டோவையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் வீட்டு வாசலை எட்டியபோதுதான், காற்றோடு காற்றாக, ஃபீனிக்ஸ் பே பக்கமிருந்து அந்தச் சத்தம் நீளமாக வந்தது.

"பூஊஊம்..."

"போயிடுச்சு" என்றார் பழனியாண்டி. கப்பல்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நீலாவதி கார்டோடு மெல்ல இறங்கி வந்தாள். அவர் ஆசைப்பட்டபடியே கப்பல் போய்விட்டது. ஆனால் ஜம்புலிங்கத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. குறுக்கே நிற்கிற வண்டி, ஹார்ன் அடிக்கிற லாரி, வரிசையாகக் குடங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் அவள் முன்னால் போய் நின்றார். குளியலறை ஒத்திகை ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"நீலா, காலையில பம்பு பியூஸைப் பிடுங்கினது நான்தான்."

பழனியாண்டியின் பீடி கீழே விழுந்தது.

"அப்புறம் மனசு கேக்காம திரும்ப மாட்டிட்டேன். இப்ப ஏன் கிளம்பலேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அதை விடு. உன்னைக் கப்பல்ல ஏத்திட்டு ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டுக்கு நான் எப்படித் திரும்பிப் போறேன்னு உனக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் ஓடிடும்னு சொன்னேன்ல? ஓடலே நீலா. ஒரு நாள்கூட ஓடலே. இங்கேயே டிரான்ஸ்பர் கேட்டு வந்துடு. உனக்கு அந்த ஊர் பிடிச்சிருக்கலாம். எனக்கு உன்னை விட்டா வேற யாரு இருக்கா?"

லாரிக்காரன் ஹார்னிலிருந்து கையை எடுத்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எடுத்தான்.

நீலாவதி அவரைப் பார்த்தபடி நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது. துடைக்கவில்லை.

"இதைச் சொல்றதுக்கு மூணு வருஷமா?" என்றாள். "நீங்க கூப்பிடுவீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்து, நான் இல்லாமலே உங்களுக்குப் பழகிப்போச்சுன்னு நினைச்சேன். பிடிச்ச ஊராம்ல, பிடிச்ச ஊரு!"

பச்சைக் குடம் மூக்கை உறிஞ்சியது.

அப்போது ஷமீர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடுவில் வந்தான். பேன்ட் பைக்குள் கைவிட்டுத் துழாவினான். உள்ளங்கையை விரித்தான். அதில் புளியங்கொட்டை கணக்காக, கறுப்பாக, ஒரு சின்னச் சாமான் இருந்தது.

"நேத்து சார் முருங்கைக்காய் வாங்க பஜாருக்குப் போனப்ப நீங்க கழட்டிக்கிட்டுப் போகச் சொன்ன ரோட்டரை இப்ப மாட்டிடட்டுமா அக்கா, இல்ல, அடுத்த கப்பலும் போகட்டுமா?"